அத்தியாயம் 6: கண்காட்சியில் சக்கரம் பார்ப்பது

சைக்கிள் வணிகக் கண்காட்சிகளில் இன்று உலகம் முழுவதும் பேசப்படுபவை இரண்டு. ஜெர்மனியின் யூரோபைக் 1991இல் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் என்ற ஏரிக்கரை ஊரில் தொடங்கி, 2022இல் ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு இடம் மாறியது. தைவான் தலைநகரில் நடக்கும் தைபே சைக்கிள் ஷோ வழக்கமாக மார்ச் மாதத்தில் கூடுகிறது. அமெரிக்காவில் நெடுங்காலம் லாஸ் வேகஸில் நடந்துவந்த இன்டர்பைக், 2018இல் ரீனோ நகரில் கூடியதோடு நின்றுவிட்டது.

முழு சைக்கிளையும் மின்சார சைக்கிளையும் பார்க்க வேண்டுமென்றால் ஃப்ராங்க்ஃபர்ட் போகலாம். சக்கரமும் உதிரிபாகமும்தான் நோக்கம் என்றால் தைபேதான் என் தேர்வு. ஜயன்ட், மெரிடா இரண்டும் 1972இல் தைவானில் தொடங்கிய நிறுவனங்கள். கே.எம்.சி. செயின், மேக்சிஸ் டயர், பல பிராண்டுகளுக்கு ஹப் செய்துகொடுக்கும் ஆலைகள் எல்லாம் அந்தத் தீவின் மேற்குக் கரையை ஒட்டியே இருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் டி.டி. சுவிஸ்கூட அங்கே ஆலை வைத்திருக்கிறது. அதனால் நாங்காங் கண்காட்சி மையத்தின் சின்ன அரங்குகளில் விற்பனைப் பிரதிநிதியை மட்டுமல்ல, அந்த ஹப்பை வடிவமைத்த பொறியாளரையே சந்திக்க முடியும். நீங்கள் கேட்கும் கேள்விக்கு அவர் ஹப்பைக் கையிலேயே கழற்றிக் காட்டி பதில் சொல்வார். மெட்ரோவின் நீலப் பாதையும் பழுப்புப் பாதையும் அந்த மையத்தின் வாசலிலேயே முடிகின்றன, போய்வருவதில் சிரமமில்லை.

அங்கே கண்ணைப் பறிப்பது எடைப் பலகை. "ஜோடி 1,250 கிராம்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அந்தப் பலகையைக் கடைசியாகப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு சக்கரம் உங்கள் சைக்கிளுக்குப் பொருந்துமா, ஐந்து வருடம் கழித்து ஒரு கம்பி அறுந்தால் உங்கள் ஊரில் அதைச் சரிசெய்ய முடியுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எந்தப் பலகையிலும் பதில் இருக்காது. அந்தப் பதிலைக் கேட்டு வாங்கும் வழியைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

புறப்படும் முன்

உங்கள் சைக்கிளின் எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். நினைவில் இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள். நூற்றுக்கணக்கான அரங்குகளைக் கடந்தபின் 142க்கும் 148க்கும் வித்தியாசம் மறந்துபோகும்.

முதல் எண் டயரின் பக்கவாட்டில் இருக்கிறது. 28-622 என்று அச்சாகியிருந்தால் டயர் அகலம் 28 மி.மீ., டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம் 622 மி.மீ. என்று பொருள். 700சி என்பதும், மலைச் சைக்கிள்காரர்கள் 29 அங்குலம் என்பதும் இதே 622தான். 27.5 அங்குலம் என்றால் 584. பழைய 26 அங்குல மலைச் சைக்கிள் 559. நம் ஊரில் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய கறுப்பு ரோட்ஸ்டரின் 28 அங்குலச் சக்கரம் 635. பெயரில் 28 என்று இருப்பதால் அது 700சி சக்கரத்துக்கு ஒத்துவரும் என்று நினைக்க வேண்டாம், 13 மி.மீ. வித்தியாசத்தில் எந்த டயரும் ஏறாது. மலைச் சைக்கிள் உலகில் அண்மையில் அதிகம் பேசப்படும் 32 அங்குலச் சக்கரத்துக்கு இந்த எண் 686. அதற்கென்றே செய்த ஃப்ரேமும் ஃபோர்க்கும் வேண்டும், டயர் வகைகளும் இன்னும் மிகக் குறைவு. பார்த்துவிட்டு நகருங்கள்.

இரண்டாவது, ஹப் உட்காரும் இடைவெளி. பழைய ரோடு சைக்கிள்களில் முன்பக்கம் 100, பின்பக்கம் 130 மி.மீ.; பழைய மலைச் சைக்கிள்களில் பின்பக்கம் 135. டிஸ்க் பிரேக் வந்தபின் ரோடு சைக்கிளில் 12×100, 12×142 என்ற ஊடச்சு (த்ரூ-ஆக்சில்) அளவுகள் நிலைபெற்றுவிட்டன. மலைச் சைக்கிளில் பூஸ்ட் எனப்படும் 15×110, 12×148 இப்போது பரவலாகிவிட்டது. ஊடச்சை மட்டும் தனியாக வாங்குவதென்றால் மரையையும் பாருங்கள். 12 மி.மீ. அச்சிலேயே மரையின் இடைவெளி 1.0, 1.5, 1.75 என்று மூன்று வகை உண்டு. தப்பானதைப் போட்டு முறுக்கினால் ஃப்ரேமின் மரை போய்விடும்.

மூன்றாவது, பிரேக் வட்டு பொருத்தும் முறை. ஆறு போல்ட்டா, ஷிமானோ கொண்டுவந்த சென்டர்லாக்கா என்று குறித்துக்கொண்டால் போதும். நான்காவது, கேசட் ஏறும் ஃப்ரீஹப் உருளையின் வகை. இதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

கையில் ஒரு வெர்னியர் காலிப்பரும் ஒரு சின்னத் தொங்கு தராசும் இருக்கட்டும். ஆலைக்காரர்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அளந்து பார்ப்பவரிடம்தான் அவர்கள் நேரம் செலவழிப்பார்கள்.

ரிம்: வெட்டுத் துண்டைக் கேளுங்கள்

ரிம் அரங்குகளின் மேசையில் விரல் நீளத்துக்கு அறுத்த ரிம் துண்டுகள் வரிசையாக இருக்கும். முழுச் சக்கரத்தைவிட அந்தத் துண்டு உங்களுக்கு அதிகம் சொல்லும். எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கார்பன் ரிம் என்றால் சுவரின் தடிமன் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா, உட்புறம் சுருக்கமில்லாமல் இருக்கிறதா, நிப்பிள் உட்காரும் இடத்தில் அடுக்குகள் கூடுதலாக இருக்கின்றனவா என்று கவனியுங்கள். உட்புறம் கசங்கிய துணிபோலத் தெரிந்தால், வார்க்கும்போது உள்ளிருந்து தந்த அழுத்தம் சீராக இல்லை என்று அர்த்தம். கம்பி இழுக்கும் இடத்தில் சுவர் மெல்லியதாக இருந்தால், எடையைக் குறைக்க எங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அடுத்து காலிப்பரை ரிம்மின் உட்பக்கம் வைத்து அகலத்தை அளந்து பாருங்கள். ரோடு ரிம்களின் உள் அகலம் ஒருகாலத்தில் 15 மி.மீ. அளவில் இருந்தது, இன்று 21, 23, 25 சாதாரணமாகிவிட்டது. அகலம் கூடினால் அதே டயர் விரிந்து உட்காரும், காற்றைக் குறைத்து ஓட்டலாம், மோசமான சாலையில் உடல் அலுப்பு குறையும். இது விளம்பரம் இல்லை, உண்மையான முன்னேற்றம். ஆனால் உங்கள் ஃப்ரேமில் அந்த விரிந்த டயருக்கு இடமிருக்க வேண்டும். ஏற்கனவே டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே 4 மி.மீ.தான் இருக்கிறது என்றால் 25 மி.மீ. ரிம் உங்களுக்கானதல்ல.

இப்போது இந்த அத்தியாயத்திலேயே உயிர்ப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். ரிம்மின் உள்விளிம்பில் டயரைப் பிடித்துக்கொள்ளும் சின்னக் கொக்கி இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் கொக்கி உண்டு. வழவழவென்று நேராக இறங்கினால் அது ஹுக்லெஸ் ரிம். ரிம்மில் 622×23 டி.சி. என்று குறித்திருந்தால் கொக்கியுள்ளது, டி.எஸ்.எஸ். என்றிருந்தால் கொக்கியில்லாதது. கொக்கியில்லாத ரிம்மை அச்சில் வார்ப்பது எளிது, எடையும் சற்றுக் குறையும். அதனால்தான் பல பிராண்டுகள் அதன்பக்கம் சாய்கின்றன. ஆனால் அதில் காற்றழுத்தம் 5 பாரைத் தாண்டக் கூடாது. நம் பம்புகளில் பார்க்கும் கணக்கில் அது சுமார் 72 பி.எஸ்.ஐ. டியூப் போட்டு ஓட்டினாலும், டயர் டியூப்லெஸ் வகையாக, அந்த ரிம்முக்கு ஏற்றதென்று டயர் நிறுவனம் சொல்வதாக இருக்க வேண்டும். பழைய வழக்கப்படி 100 பி.எஸ்.ஐ. அடித்து ஓட்டும் பழக்கம் உள்ளவர், உடல் எடை அதிகம் உள்ளவர், வழியில் கிடைத்த பெட்ரோல் பங்கிலோ பஞ்சர் கடையிலோ காற்றடிப்பவர் இந்த ரிம்மைத் தொடாமல் இருப்பதே நல்லது.

2024 பிப்ரவரியில் நடந்த யு.ஏ.இ. டூர் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி ஹென்ட் விழுந்தபோது டயர் ரிம்மைவிட்டுக் கழன்று கிடந்த படம் உலகம் முழுவதும் பரவி, இந்த ரிம் பற்றிய விவாதம் சூடுபிடித்தது. விழுந்ததற்கு ரிம்தான் காரணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. என் நிலைப்பாடு இதுதான்: 30 மி.மீ.க்கு மேல் டயர் போட்டு 50, 60 பி.எஸ்.ஐ.யில் ஓட்டுபவருக்கு ஹுக்லெஸ்ஸில் பயமில்லை. 28 மி.மீ.யும் அதற்குக் கீழும் போடுபவர் கொக்கியுள்ள ரிம்மைத்தான் வாங்க வேண்டும். கொக்கியுள்ளதால் கூடும் சில கிராம்களை நினைத்து யாரும் வருந்தப் போவதில்லை.

ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் பழைய பிரேக் வைத்திருப்பவர்கள் கார்பன் ரிம் வாங்குவதற்கு முன் ஒருமுறை மலையிறக்கத்தை நினைத்துப் பாருங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் அத்தனை சூடும் ரிம்மில்தான் ஏறும். அலுமினியம் சூட்டைப் பரப்பி வெளியேற்றும். கார்பனைப் பிணைத்திருக்கும் பிசின் சூட்டில் இளகும். ரிம் பிரேக் சைக்கிளுக்கு நல்ல அலுமினிய ரிம்மே என் சிபாரிசு. டிஸ்க் பிரேக் உள்ளவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

ரிம்மின் உயரத்தைப் பற்றிச் சுருக்கமாக: 60, 80 மி.மீ. உயர ரிம்கள் அரங்கில் கம்பீரமாக இருக்கும். உலகச் சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. சாலைப் பந்தயங்களில் 2026 முதல் 65 மி.மீ.க்கு மேல் அனுமதிக்கவில்லை. மணிக்கு 25, 28 கி.மீ. வேகத்தில் ஓட்டுபவருக்கு 35 முதல் 45 மி.மீ. வரை தாராளம். கிழக்குக் கடற்கரைச் சாலைபோலக் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும் இடத்தில் ஓட்டுபவர் முன்சக்கரத்தை இன்னும் தாழ்வாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஹப்: திறந்து காட்டச் சொல்லுங்கள்

சக்கரத்தில் நீண்ட நாள் உழைக்க வேண்டியது ஹப். ரிம் அடிபட்டுப் போகலாம், கம்பி அறுந்து மாறலாம். நல்ல ஹப் மூன்று ரிம்களைப் பார்த்துவிடும். அதனால் பணத்தை ஹப்பில் போடுங்கள்.

அரங்கில் நிற்பவரிடம் ஃப்ரீஹப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இன்று பல ஹப்களில் பக்க மூடியைக் கையால் இழுத்தாலே வந்துவிடும். உள்ளே இரண்டு வகை அமைப்பைப் பார்ப்பீர்கள். ஒன்று, நாக்குபோன்ற சின்னப் பிடிகள் வில்லின் அழுத்தத்தில் வெளியே வந்து, ஹப்பின் உட்சுவரிலுள்ள பற்களில் மாட்டுவது. நம் ஊர் ஃப்ரீவீலிலும் இதே தத்துவம்தான். மற்றொன்று, முகத்தில் பற்கள் வெட்டிய இரண்டு எஃகு வளையங்கள் ஒன்றை ஒன்று பார்த்து நிற்பது. வில் அவற்றை நெருக்கி வைத்திருக்கும். மிதிக்கும்போது அத்தனை பற்களும் ஒரே நேரத்தில் கவ்வும். மிதிக்காதபோது ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிச் சத்தமிடும். ஹுகி என்ற சுவிஸ் ஹப்பில் வந்து, டி.டி. சுவிஸ் வழியாகப் பெயர்பெற்ற அமைப்பு இது. காப்புரிமைக் காலம் முடிந்தபின் தைவான், சீன ஆலைகள் பலவும் இதே வழியில் ஹப் செய்கின்றன.

எனக்கு இந்த வளைய அமைப்பே பிடிக்கும். சுமை எல்லாப் பற்களிலும் பகிர்ந்து விழுகிறது, கருவி இல்லாமல் பிரிக்கலாம், மழையில் நனைந்தபின் வீட்டில் உட்கார்ந்து துடைத்துக் கிரீஸ் போடப் பத்து நிமிடம் போதும். வளையங்களை வெளியே எடுத்து, பற்களின் நுனி கூர்மையாக, சீராக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மலிவான நகல்களில் பற்களின் ஓரம் அப்போதே மழுங்கியிருக்கும்.

பற்களின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்வார்கள். 18 பல் என்றால் பெடலை மிதித்ததும் கவ்வுவதற்கு அதிகபட்சம் 20 டிகிரி சுற்ற வேண்டும்; 36 பல்லுக்கு 10 டிகிரி; 54க்கு 7 டிகிரிக்குள். அமெரிக்காவின் இண்டஸ்ட்ரி நைன் நிறுவனத்தின் ஹைட்ரா ஹப் 690 இடங்களில் கவ்வும், அதாவது அரை டிகிரிக்கு ஒன்று. பாறையும் வேரும் நிறைந்த ஏற்றத்தில் பெடலை அரைச்சுற்று முன்னும் பின்னும் அசைத்து ஏறும் மலைச் சைக்கிள்காரருக்கு இது உண்மையிலேயே உதவும். தார்ச்சாலையில் ஓட்டுபவருக்கு 36 பல் தாராளம். பல் நுணுக்கமாக ஆக, சின்ன அழுக்கும் அதிகக் கிரீஸும் தொந்தரவு தரும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

அடுத்து பேரிங், நம் கடைகளில் பால்ரஸ் என்பார்கள். பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். 6902 என்று இருந்தால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, தடிமன் 7 மி.மீ. கொண்ட பொதுவான அளவு. தொழிற்சாலைகளுக்கு பேரிங் விற்கும் கடைகளில் கேட்டு வாங்கலாம். எந்தப் பட்டியலிலும் இல்லாத, அந்த ஹப்புக்கென்றே செய்த அளவு என்றால் ஒவ்வொரு முறையும் தைவானுக்குக் கடிதம் போட வேண்டியிருக்கும். எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் அரங்கைவிட்டு நகராதீர்கள். செராமிக் பேரிங்குக்கு மூன்று மடங்கு விலை சொன்னால் மறுத்துவிடுங்கள். பேரிங்கைக் கெடுப்பது தண்ணீரும் தூசியும். சீல் நன்றாக இருக்கும் எஃகு பேரிங்கை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஃப்ரீஹப் உருளைக்கு வருவோம். ஷிமானோவின் பழைய எச்.ஜி. வகை இன்னும் மிகப் பரவலானது. 11 கியர் ரோடு கேசட்டும், அதே நிறுவனத்தின் 12 கியர் ரோடு கேசட்டும் இதில் ஏறும். மலைச் சைக்கிளுக்கு 2018இல் வந்த மைக்ரோ ஸ்ப்ளைன், ஸ்ராமின் எக்ஸ்.டி., அதைவிட 1.85 மி.மீ. நீளமான எக்ஸ்.டி.ஆர்., காம்பக்னோலோவின் என்.3.டபிள்யூ. ஆகியவை மற்ற வகைகள். பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. ஆனால் நல்ல ஹப் நிறுவனங்கள் உருளையை மட்டும் தனியாக விற்கும். "நாளை கியர் மாற்றினால் இந்த ஹப்புக்கு எந்தெந்த உருளை கிடைக்கும், விலை என்ன?" என்று கேளுங்கள். உருளை கிடைக்காத ஹப், உங்களை ஒரே கம்பெனியின் கியரோடு கட்டிப்போட்டுவிடும்.

கம்பி: கையால் பிடித்துப் பாருங்கள்

சக்கரத்தின் பலம் கம்பியின் இழுப்பில் இருக்கிறது. கயிற்றுக் கட்டிலில் கயிறு விறைப்பாக இருக்கும்வரை கட்டில் தாங்கும்; தொய்ந்த இடத்தில்தான் கயிறு உராய்ந்து அறும். சக்கரத்திலும் அப்படித்தான். நீங்கள் சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததும் தரைக்கு நேர்மேலே உள்ள சில கம்பிகளின் இழுப்பு குறைகிறது. மற்றவற்றில் பெரிய மாற்றம் இல்லை. ஜோப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981இல் வெளியிட்ட 'தி பைசைக்கிள் வீல்' நூலில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 475 முறை சுற்றுகிறது. அத்தனை முறையும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து மறுபடி இறுகுகிறது. ஆரம்ப இழுப்பு போதுமான அளவு இருந்தால் கம்பி முழுதாகத் தளர்வதில்லை, பல்லாயிரம் கிலோமீட்டர் தாங்கும். இழுப்பு குறைவாக இருந்தால் நிப்பிள் தானாகக் கழலும், ஹப்பில் மாட்டியிருக்கும் வளைவில் கம்பி சோர்ந்து அறும். கம்பி அறுவது பெரும்பாலும் பாரத்தால் அல்ல, தொய்வால்.

இதை அரங்கிலேயே சோதிக்கலாம். பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் இரண்டைச் சேர்த்து உள்ளங்கையில் அழுத்துங்கள். பின்சக்கரத்தில் கேசட் இருக்கும் பக்கம் கல்லுப்போல இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இழுப்பு குறைவாக இருப்பது இயல்பு. இருபக்கமும் சமமாக இருக்காது. பிறகு ஒரே பக்கத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுண்டிக்கொண்டே போங்கள். எல்லாம் ஒரே சுதியில் ஒலிக்க வேண்டும். நடுவில் ஒன்று மந்தமாக ஒலித்தால் அந்தச் சக்கரத்துக்குக் கோட்டம் மட்டும் எடுத்திருக்கிறார்கள், இழுப்பைச் சமன் செய்யவில்லை. பார்வைக்கு நேராகச் சுற்றும். இரண்டு மாதத்தில் மறுபடி கோணும். கண்காட்சிக்கு வைத்த சக்கரத்திலேயே இந்த நிலை என்றால் பெட்டியில் வருவது எப்படி இருக்கும் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

கம்பியின் வடிவத்தையும் பாருங்கள். ஹப்பில் மாட்டும் இடத்தில் வளைந்த தலை உள்ளது ஜே-பெண்ட். வளைவே இல்லாமல் நேராக இறங்குவது ஸ்ட்ரெய்ட்-புல். தூக்கிக் காட்டினால் இரண்டாவது நவீனமாகத் தெரியும். எனக்கு முதலாவதுதான் வேண்டும். ஜே-பெண்ட் கம்பியை எந்த ஊர்ச் சைக்கிள் கடையிலும் நீளம் சொல்லி வாங்கலாம். நடுப்பகுதி இரண்டு முனைகளைவிட மெலிந்த கம்பியே நல்லது, 2.0 மி.மீ. முனையும் 1.8 மி.மீ. நடுவும் கொண்டது நம் சாலைகளுக்குப் பொருத்தம். மெலிந்த நடுப்பகுதி நீண்டு கொடுப்பதால் தலையிலும் மரையிலும் விழும் அதிர்ச்சி குறைகிறது. பெல்ஜியத்தின் சாபிம் நிறுவனத்தின் சி.எக்ஸ்.-ரே போன்ற தட்டைக் கம்பிகள் காற்றைக் கிழிக்க உதவும், விலையும் அதற்கேற்ப இருக்கும்.

எண்ணிக்கை: நம் ரோட்ஸ்டரில் முன்னால் 32, பின்னால் 40 கம்பிகள் இருந்தன. மூட்டை ஏற்றும் வண்டிக்கு அது நியாயமான கணக்கு. இன்றைய டிஸ்க் பிரேக் ரோடு சக்கரங்களில் முன்னாலும் பின்னாலும் 24 வழக்கம். 80 கிலோவுக்கு மேல் எடையுள்ளவரும் பையைக் கட்டிக்கொண்டு நெடும்பயணம் போகிறவரும் 28 அல்லது 32 கேளுங்கள். 16, 20 கம்பிச் சக்கரங்களில் ஒன்று அறுந்தாலே ரிம் பிரேக்கிலோ ஃப்ரேமிலோ உரசி நின்றுவிடும். 32 கம்பிச் சக்கரத்தில் ஒன்று அறுந்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம்.

அண்மை ஆண்டுகளில் கார்பன் கம்பிகள் வேகமாகப் பரவுகின்றன. எடை குறைவு, விறைப்பு அதிகம். ஆனால் பல மாடல்களில் கம்பி அந்த நிறுவனத்துக்கே உரியது. ஒன்று உடைந்தால் மாற்றுக் கம்பி கப்பலில் வரும்வரை சக்கரம் சுவரில் தொங்கும். அமெரிக்காவின் பெர்ட் நிறுவனம் நார்போன்ற பாலிமர் இழையில் கம்பி செய்கிறது. கையில் மடக்கினால் மடங்கும், சக்கரத்தில் இழுத்துக் கட்டினால் நிற்கும். அற்புதமான பொறியியல். பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். அன்றாட ஓட்டத்துக்கு எஃகுக் கம்பியே போதும்.

நிப்பிள் சின்ன விஷயமாகத் தெரியும். அலுமினிய நிப்பிள் எடை குறைவு. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் வியர்வையும் பட்டு அரித்து, ஒருநாள் சாவி வைத்ததும் பொடிந்துவிடும். கார்பன் ரிம்மோடு சேரும்போது அரிப்பு இன்னும் வேகமாகும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரம் வசிப்பவர்கள் பித்தளை நிப்பிளைக் கேட்டு வாங்குங்கள். ரிம்முக்குள் மறைந்திருக்கும் நிப்பிள் என்றால் கோட்டம் எடுக்க ஒவ்வொரு முறையும் டயரையும் டேப்பையும் கழற்ற வேண்டும். வெளியே தெரியும் நிப்பிளே வசதி.

இப்போது எடைப் பலகை

தராசை எடுங்கள். பலகையில் போட்ட எடை பெரும்பாலும் டேப்பும் வால்வும் இல்லாதது. அவை சேர்ந்தால் ஜோடிக்கு 20, 30 கிராம் கூடும். அதற்குமேல் சில விழுக்காடு கூடக்குறைய இருக்கலாம் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. சக்கரத்தில் 300 கிராம் குறைத்தால் மொத்தத்தில் குறைவது 0.4 விழுக்காட்டுக்கும் கீழே. ஒரு மணி நேர மலையேற்றத்தில் அதனால் மிச்சமாவது ஏறக்குறைய 13 விநாடி. ரிம்மில் குறைந்த எடை வேகமெடுக்கும்போது மட்டும் அதிகபட்சம் இரண்டு மடங்காகக் கணக்காகும். சீரான வேகத்தில் அந்தச் சலுகையும் இல்லை. பந்தயத்தில் 13 விநாடி பெரிது. மற்றவர்கள் அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கினால் ஏற்றத்திலும் சமதளத்திலும் இறக்கத்திலும் பலன் தெரியும்.

எடையைவிட முக்கியமான இன்னொரு எண் உண்டு: சக்கரம் தாங்கும் அதிகபட்ச மொத்த எடை. ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்த கணக்கு இது. பல சக்கரங்களில் 120 அல்லது 130 கிலோ. மிக மெல்லிய பந்தயச் சக்கரங்களில் இதைவிடக் குறைவு. ஐ.எஸ்.ஓ. 4210 தரச் சோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளவர்கள் உடனே காட்டுவார்கள்.

மற்ற பாகங்கள், விரைவாக

டி.பி.யு. எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் டியூப்: சாதாரண ரப்பர் டியூப் 100 கிராம் இருந்தால் இது 35, 40 கிராம். மாற்று டியூபாகப் பையில் வைத்துக்கொள்ள மிக நல்லது. ரிம் பிரேக் வண்டியில் போடுவதானால் சூட்டைத் தாங்குமா என்று நிறுவனத்திடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

வயரில்லாத கியர்: ஷிமானோ, ஸ்ராம் மட்டுமல்ல, எல்-டூ, வீல்டாப் போன்ற சீன நிறுவனங்களும் கொண்டுவந்துவிட்டன. விலை குறைகிறது என்பதில் மகிழ்ச்சி. வாங்கும் முன் பேட்டரியும் கியர் மாற்றும் கையும் இந்தியாவில் தனியாகக் கிடைக்குமா என்று பாருங்கள்.

யு.டி.எச்.: பின் கியரைத் தாங்கும் ஹேங்கருக்கு ஸ்ராம் 2019இல் கொண்டுவந்த பொது அளவு. முன்பு ஃப்ரேமுக்கு ஒரு ஹேங்கர் என்று நூற்றுக்கணக்கில் இருந்ததை ஒன்றாக்கியது. புதிய ஃப்ரேம் வாங்குபவர் இது உள்ளதையே வாங்குங்கள். சைக்கிள் கீழே விழுந்து ஹேங்கர் வளைவது சாதாரணமாக நடப்பது, மாற்று கிடைப்பது உறுதியாக இருக்க வேண்டும்.

பேசி முடிக்கும்போது

தொழிற்சாலை அரங்குகளில் சொல்லும் விலை நூறு ஜோடி வாங்குபவருக்கானதாக இருக்கும். குறைந்தபட்சம் எத்தனை எடுக்க வேண்டும், மாதிரிக்கு ஒரு ஜோடி தருவார்களா, அரங்கில் வைத்திருப்பது விற்பனைக்கு வந்ததா, இன்னும் முன்மாதிரியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கடைக்காரர் என்றால் ரிம்மின் ஈ.ஆர்.டி. (நிப்பிள் உட்காரும் வட்டத்தின் விட்டம்) அளவையும் ஹப்பில் கம்பி மாட்டும் ஃப்ளாஞ்சின் அளவுகளையும் எழுத்தில் வாங்குங்கள். அவை இருந்தால்தான் பின்னாளில் கம்பியின் நீளத்தைக் கணக்கிட முடியும்.

சக்கரம் வாங்கும் அன்றே இருபக்க நீளத்திலும் நான்கு நான்கு கம்பி, அவற்றுக்கான நிப்பிள், ஒரு செட் பேரிங் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். இவற்றைத் தனியாகத் தர மாட்டோம் என்று சொல்லும் நிறுவனத்தின் சக்கரத்தை, அது எத்தனை கிராம் குறைவாக இருந்தாலும், வாங்க வேண்டாம்.